இருபத்தைந்துக்குக் கீழே

இண்டூர்
17-8-2025

மலர்விழிக்கு சென்றாயன் எழுதுவது.

முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் சின்னச் சின்னக் கட்டியாக இறால் உறைந்து கிடந்ததே, அது நமக்கென்று நினைத்துப் பாதிப் பொட்டலத்தை வெங்காயம் தக்காளி போட்டுத் தொக்கு வைத்துத் தின்றுவிட்டேன். ருசி சுமார்தான். கொஞ்சம் நறநறவென்று இருந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் அக்கா வாசம் பிடித்துக்கொண்டு கிண்ணத்தோடு வந்தவள், பொட்டலத்தில் இருந்த மீன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா சென்றாயா, இது அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறதுங்களோட சோறுடா" என்று கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தின்று மூன்று நாள் ஆகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீந்த வருகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை.

போன் போட்டால் கவிப்பிரியாதான் எடுக்கிறாள். "அம்மா பேச மாட்டாங்களாம்ப்பா. சொல்றத எழுதி ராஜப்பன் மாமா வண்டில குடுத்து வுடச் சொல்றாங்க" என்கிறாள். நம் ஊர்ச் சாமந்தியை ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று நடை பெங்களூர் போகிற ராஜப்பன் இப்போது தபால்காரனும் ஆகிவிட்டான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுப்பாடம் எழுத வைத்துவிட்டாய்.

உன் கடல் மீன் தொட்டிக்கு நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன சீட்டுப்படி எல்லாம் நடக்கிறது. இன்று ஞாயிறு, நைட்ரேட் பார்த்தேன். பத்து. நல்ல நம்பர்தானே? கண்ணாடியில் மட்டும் பச்சையாகப் பாசி ஏறுகிறது. துடைத்தால் மூன்று நாளில் மறுபடி வந்துவிடுகிறது. விரல் விரலாக ஆடுமே, ஹேமர் என்பாயே, அந்தப் பவளம் பகலெல்லாம் சுருங்கிப் படுத்துக் கிடக்கிறது. வீட்டுக்காரி இல்லாத வீட்டில் அதுவும் என்னைப் போல ஆகிவிட்டது. ஆரஞ்சு ஜோடி மீன் சண்டை இல்லாமல் இருக்கின்றன. அதுகளும் புருஷன் பெண்டாட்டிதானே.

உன் தங்கை வீட்டு ஆடி விருந்து விசேஷத்தில் நான் சொன்னது ஒரே ஒரு பேச்சு. அதற்குப் பன்னிரண்டு நாளா?

சென்றாயன்


பெங்களூர்
20-8-2025

கவிப்பிரியா அப்பாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் எதையாவது சொல்வீர்கள், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது போய்விடும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் போயிருக்கிறது. அதனால்தான் எழுதச் சொன்னேன். காகிதத்தில் இருந்தால் நான் இரண்டாவது முறை படிக்கலாம்.

பத்து என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்கவே இல்லை. பத்து இருக்கிற தண்ணீரில் மூன்று நாளுக்கொரு தரம் பாசி ஏறாது, ஹேமர் சுருங்காது. மருந்து டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்திருக்கக்கூட மாட்டீர்கள்.

ஒரே ஒரு பேச்சு என்கிறீர்கள். நான் ஒன்பது வருடம் இந்தப் பெங்களூரில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். அந்த வீட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வெளிநாடு போகும்போது, "இது உன் கைக்குத்தான் வாழும்" என்று எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் தன் ஆஸ்பத்திரியில் இதைப் போல ஒரு கடல் தொட்டி வைத்து அதற்கு என்னையே ஆளாகப் போடுகிறேன், தங்க இடமும் தருகிறேன் என்று கேட்டார். என்னை ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை என் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "மலரு இனிமே மீனுக்குப் பல்லு புடுங்கப் போறா. மீனு வெச்சிருக்கறவங்கெல்லாம் வரிசைல வாங்க" என்றீர்கள். இலை போட்டவன்கூடச் சிரித்தான்.

டாக்டர் தீபாவளிக்குள் பதில் கேட்டிருக்கிறார். நான் சேர்ந்தால் நம் தொட்டியும் பவளங்களும் இங்கேயே வந்துவிடும். ஆனால் நைட்ரேட் இருபத்தைந்துக்குக் கீழே இல்லாமல் அதுகளை வண்டியில் ஏற்றக் கூடாது. ஏற்கெனவே நொந்து கிடப்பது வழியிலேயே செத்துவிடும். அதனால் முதலில் அது இறங்கட்டும். நானா தொட்டியா, யார் எங்கே வருவது என்று அப்புறம் முடிவு செய்கிறேன்.

மீன் கழிப்பதும் தின்னாமல் மிச்சம் விடுவதும் அழுகி, கடைசியில் நைட்ரேட்டாக வந்து நிற்கும். உங்கள் சாமந்திக்கு அது உரம். பவளத்துக்கு ஆகாது. நான் கிளம்பும்போது ஐம்பது இருந்தது, ஐந்தாறு மாதமாக ஏறிக்கொண்டே வந்தது. எனக்கும் காரணம் பிடிபடவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: மருந்து டப்பாவில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மூன்று மருந்தும் சீட்டில் உள்ள அளவு போட்டுக் குலுக்குங்கள். பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து. பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் என்றால் நல்லது, சிவக்கச் சிவக்கக் கெட்டது. தொட்டித் தண்ணீரை ஒரு தரம் பாருங்கள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றுகிறோமே அந்த ஆர்.ஓ. கேன் தண்ணீரையும் தனியாக ஒரு தரம் பாருங்கள்.

இறாலில் மண் இருந்ததற்குக் காரணம், அதை உரித்துக் கழுவி உறைய வைக்க மாட்டார்கள்.

மலர்விழி


இண்டூர்
24-8-2025

மலர்விழிக்கு,

தொட்டித் தண்ணீர் நூறு. அட்டையில் அதற்கு மேல் கட்டமே இல்லை.

கேன் தண்ணீரையும் பார்த்தேன். மருந்து ஊற்றிக் குலுக்கி வாசலில் வைத்துவிட்டுப் பீடி பற்ற வைக்கப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் மாதுளம்பழச் சாறு மாதிரி நிற்கிறது. கண்ணம்மாள் அக்கா, "ஐயோ, யாருக்குடா ரத்தம் எடுத்த?" என்றாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாசி மாதத்திலிருந்து அந்தக் கேனில் இருப்பது ஆர்.ஓ. தண்ணீர் இல்லை. நம் கிணற்றுத் தண்ணீர்.

நல்லம்பள்ளி ரோட்டில் பச்சியப்பன் ஆர்.ஓ. கடை திறந்தானே, திறந்த அன்றைக்கு நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "இவரு கெணத்துத் தண்ணிய மாடு குடிச்சா பாலு திரிஞ்சே வருமுங்க" என்றான். அறுபது அடி, அதில் முப்பது அடி கருங்கல். எங்கப்பன் மேலே நின்று கயிறு இழுக்க நான் உள்ளே நின்று கடப்பாரை போட்ட கிணறு. அவன் கடையில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதா என்று வந்துவிட்டது. நீ கேன் கொடுத்து அனுப்புவாய். நான் வண்டியில் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கமாகப் போய்க் கிணற்று மோட்டாரில் பிடித்துவிடுவேன். அப்புறம் நல்லம்பள்ளி போய் வர ஆகும் நேரத்துக்கு டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். சீக்கிரம் வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் அல்லவா.

கிணற்றுக்கு மேல்பக்கம்தான் சாமந்தித் தோட்டம். யூரியா, கோழி எரு எல்லாம் போட்டது நான்தான். குடிக்க நமக்கு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, அதனால் மனிதர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் பவளத்துக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து என்று எழுதியதும் பொய்தான். பார்க்காமல் போட்டேன். ஒன்பது என்றால் சந்தேகப்படுவாய், பதினொன்று என்றால் திட்டுவாய் என்று பத்து.

சென்றாயன்


பெங்களூர்
27-8-2025

கவிப்பிரியா அப்பாவுக்கு,

ராஜப்பன் அண்ணன் கடிதத்தைக் கொடுத்தார். படித்தேன். மடித்து வைத்துவிட்டு அரிசி களைந்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தது வரைக்கும் யோசித்திருக்கிறீர்கள். வெயிலில் கேன் தூக்கி வந்திருக்கிறீர்களே என்று உங்களுக்கு நான் மோர் கரைத்துக் கொடுத்தேன். ஏழு மாதம்.

போன பங்குனியில் பொத்தான் பவளம் ஒரு திட்டு முழுக்கச் செத்தது. அப்போது நான் தப்பு செய்துவிட்டேன் என்று தினமும் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பின்னால் நின்று, "அதுக்கு எட்டாம் நாள் காரியம் வெக்கலாமா" என்று கேட்டீர்கள்.

திட்டுவதற்கு எனக்கு இப்போது தெம்பு இல்லை. செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

ஒரே நாளில் எல்லாத் தண்ணீரையும் மாற்றிவிடாதீர்கள். உங்களுக்கு அந்தப் புத்திதான் வரும். சட்டென்று மாறினால் இருப்பதும் போய்விடும். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாற்பது லிட்டர். முதல் நாளே நீல டிரம்மில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, ராஜப்பன் அண்ணனிடம் கொடுத்திருக்கும் கடல் உப்பைக் கரைத்து, சின்ன மோட்டாரைப் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுற்ற விடுங்கள். சமையல் உப்பு இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். உப்பு பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டால் கோடு தெரியும், நான் பேனாவால் குறித்திருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

பழைய தண்ணீரை எடுக்கும்போது டியூபை மணலில் குத்திக் குத்தி எடுங்கள். அழுக்கெல்லாம் அங்கேதான். வடிகட்டும் பஞ்சை, வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். நுரை சேரும் டப்பாவைத் தினமும் கழுவுங்கள், நாறும். தீனி ஒரு வேளை, இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு. அதுகள் கண்ணாடிக்கு வந்து கெஞ்சும். இரங்க வேண்டாம்.

வற்றியதற்கு ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்.

மலர்விழி


இண்டூர்
7-9-2025

மேஸ்திரி அம்மாவுக்கு,

பச்சியப்பன் கடைக்குப் போனேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

"வாங்க வாங்க! கெணத்து ராசா வழி தவறி வந்துட்டீங்களா?"

"நாலு கேன் புடி."

"எதுக்குங்க? உங்க கெணத்துலதான் இளநியே ஊறுதே."

"மீனுக்கு."

"ஓ, மீனுக்கா." கேனை நிரப்பி மூடியைத் திருகினான். "மீனுக்கு இருக்கற வெவரத்தப் பாருங்க."

நான் பதில் சொல்லவில்லை. நம்ப மாட்டாய், அவனையே கேட்டுப் பார். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுவரை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. டியூபை வாயில் வைத்து இழுக்கும்போது இரண்டு தடவை குடித்துவிட்டேன். உன் கடல் ரொம்ப உப்பு. கேனை டிரம்முக்குத் தூக்கும்போது இடது முட்டி ஒரு சத்தம் போடுகிறது, கண்ணம்மாள் அக்கா வீட்டுக் கதவு மாதிரி. நுரை டப்பாவைக் கழுவின கையோடு சாப்பிட முடியவில்லை. இதையெல்லாம் நீ இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தாய். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன கடல் உள்வாங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம்பர்: நூறுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். வெயிலில் வைத்துப் பார்த்தேன். அக்காவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளும் நடுவில்தான் என்கிறாள்.

இது இறங்க இறங்க நீ அங்கேயே தங்குவதற்கு வழி ஆகிறது என்பது எனக்கு மூன்றாவது தடவை வாளி தூக்கும்போதுதான் உறைத்தது. எனக்கு எதுவும் மெதுவாகத்தான் உறைக்கும். அஞ்சாவது வாத்தியாரும் அதையேதான் சொன்னார்.

சென்றாயன்


பெங்களூர்
12-9-2025

கவிப்பிரியா அப்பாவுக்கு,

கேனை முழுதாகத் தூக்காதீர்கள். சொம்பில் மொண்டு ஊற்றுங்கள். நான் அப்படித்தான் செய்வேன். தைலம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

டாக்டர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் போய் வந்தேன். வரவேற்பில் சுவரோடு சுவராகத் தொட்டி வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். ஆறு அடி. இப்போதைக்கு அதில் பிளாஸ்டிக் செடி இருக்கிறது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் என்னை மேடம் என்கிறார்கள். முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

டாக்டர் கன்னடக்காரர். என்னிடம் கேள்வி கேட்பார், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். பம்பு எந்தப் பக்கம் வைக்க வேண்டும், முதல் மீன் எத்தனை வாரம் கழித்து விட வேண்டும் என்று கேட்டார். நான் எட்டாவது படித்தவள் என்று சொன்னேன். "பேடாம்மா, அதெல்லா பேடா" என்றார். அதெல்லாம் வேண்டாமாம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வேலை கஷ்டமில்லை. ஆனாலும் சாயந்திரம் கவிப்பிரியா வீட்டு மாடிப்படி மூன்றும் ஏறி வந்தால் பேசத் தோன்றுவதில்லை. மாப்பிள்ளையும் அவளும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே யாரும் என்னைக் கிண்டல் செய்வதில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது. நிம்மதி என்பது இவ்வளவு சத்தமே இல்லாமல் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

டாக்டருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நம்பரை எழுதுங்கள்.

மலர்விழி


இண்டூர்
21-9-2025

மலர்விழிக்கு,

நம்பர் ஐம்பது.

ஹேமரில் ஒரு தலை செத்துவிட்டது. மொத்தம் ஐந்து தலை இருந்தது, இப்போது நான்கு. வியாழக்கிழமை காலையில் அந்த ஒன்று மட்டும் பழுப்பாகக் கூழ் மாதிரி தொங்கியது. மீதி நான்கும் சுருங்கித்தான் இருக்கின்றன, ஆனால் இருக்கின்றன.

புதன்கிழமை மதியம் மழைக்கு முன்னால் காற்றடித்துக் கரண்டு போனது. மோட்டார் நின்றால் தண்ணீருக்குக் காற்றுப் போகாது என்று சீட்டில் எழுதியிருந்தாய். ஒரு மணியிலிருந்து நாலரை வரைக்கும் சொம்பில் மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். நடுவில் அக்கா வந்து அரை மணி நேரம் ஊற்றினாள், நான் உட்கார்ந்தேன். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேமர் அதில்தான் செத்ததா, கிணற்றுத் தண்ணீரால் ஏற்கெனவே சாகக் கிடந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன். எழுது.

வேறு ஒன்றும் இல்லை.

சென்றாயன்


பெங்களூர்
23-9-2025

கவிப்பிரியா அப்பாவுக்கு,

செத்ததை அப்படியே விடக் கூடாது, மற்றதுக்கும் பரவும். டியூபால் அந்தக் கூழை மட்டும் உறிஞ்சி எடுங்கள். எலும்பு மாதிரி வெள்ளையாக நிற்பது இருக்கட்டும். மீதித் தலைகள் மேல் கை படக் கூடாது.

உங்களால் சாகவில்லை என்று நான் எழுத மாட்டேன். ஆனால் மூன்றரை மணி நேரம் ஊற்றியதால்தான் நான்கு மிச்சம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை கவிப்பிரியா வாங்கிப் படித்தாள். "அப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயாம்மா?" என்று கேட்டாள். ஏன்டி என்றேன். "ஒரு எடத்துலகூடச் சிரிப்பு வரல" என்றாள். உடம்பு சரியில்லையா?

மாற்றுவதை நிறுத்தாதீர்கள். ஐம்பதிலிருந்து இறங்குவது மெதுவாகத்தான் இருக்கும். சலிப்பாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரத்து ஞாயிறு, பன்னிரண்டாம் தேதி, கடைசியாக ஒரு தரம் பார்த்து எழுதுங்கள். அதை வைத்து டாக்டருக்குப் பதில் சொல்கிறேன்.

மலர்விழி


இண்டூர்
12-10-2025

மலர்விழிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முட்டியைத் தவிர.

முதல் வரிக்குக் கீழே கட்டையாகக் கோடு அடித்து மை தடவியிருக்கிறேனே, அந்த இடத்தில் "இன்னும் ஐம்பதிலேயே நிற்கிறது" என்று எழுதியிருந்தேன். எழுதி முடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ராஜப்பன் வண்டிக்குப் போனேன். பூக்கூடை ஏற்றிக்கொண்டிருந்தான். "என்ன மாப்ள, தங்கச்சி வருதா?" என்று கேட்டான். கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

இருபத்தைந்துக்குக் கீழே வந்துவிட்டது. பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு தடவை பார்த்தேன். ஆரஞ்சு இல்லை, ஆரஞ்சில் கொஞ்சம் மஞ்சள். பதின்மூன்று தடவை தண்ணீர் மாற்றியிருக்கிறேன். பாசி ஏறுவது நின்றுவிட்டது. ஹேமர் நான்கு தலையும் காலை பத்து மணிக்கெல்லாம் முழுசாக விரித்து ஆடுகிறது. அக்கா தினமும் டீ டம்ளரோடு வந்து அதன் முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள்.

அதனால் வண்டியில் ஏற்றலாம். ராஜப்பனிடம் கேட்டு வைத்திருக்கிறேன், பூ இல்லாத நாளில் வருவான். தண்ணீரோடு டிரம்மில் போட்டுத்தானே கொண்டு போக வேண்டும்? எப்படி என்று எழுது, நானே கூட ஏறி வந்து இறக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

விசேஷத்தில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். நீ உன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் முகம் வேறு மாதிரி இருந்தது. நான் பார்த்தே இல்லாத முகம். எனக்குப் பயமாகிவிட்டது. பயம் வந்தால் எனக்கு வாயில் வேறு எதுவும் வராது, கிண்டல்தான் வரும். உங்கம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான் வந்தது.

தப்புதான்.

சென்றாயன்


பெங்களூர்
15-10-2025

கவிப்பிரியா அப்பாவுக்கு,

மை தடவியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "ஐம்பதி" வரைக்கும் தெரிகிறது.

நேற்று டாக்டரைப் பார்த்தேன். அங்கேயே தங்க முடியாது என்று சொன்னேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிறேன், செவ்வாய் புதன், ரயிலில் வந்து கவிப்பிரியா வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டுப் போகிறேன், புதுத் தொட்டியை முதலிலிருந்து நானே கட்டித் தருகிறேன், என் பவளத்தில் துண்டு எடுத்து வந்து வளர்த்தும் தருகிறேன், ஆனால் என் தொட்டி என் வீட்டில்தான் இருக்கும் என்றேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். சரி என்றார். ஐப்பசி கடைசியில் வேலை தொடங்குகிறது.

நீங்கள் கெஞ்சியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதினீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இது சமாதானம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். களைப்பாக இருக்கிறது, வீட்டுக்கு வருகிறேன், அவ்வளவுதான். செவ்வாய் புதன் நான் இல்லாதபோது தொட்டி உங்கள் பொறுப்பு. அந்த வேலையைப் பற்றி யார் முன்னாலும் கிண்டல் கூடாது. வீட்டுக்குள் செய்துகொள்ளுங்கள். முழுசாக நிறுத்தினால் கவிப்பிரியா பயப்படுகிறாள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தீபாவளிக் கூட்டம் இருக்கும், தர்மபுரிக்கு வந்து நிற்க வேண்டாம். இண்டூர் ஸ்டாப்பில் நில்லுங்கள். வீட்டைப் பெருக்கி வையுங்கள்.

மலர்விழி


இண்டூர்
17-10-2025, வெள்ளிக்கிழமை

மலர்விழிக்கு,

சாயந்திரம் ராஜப்பன் வண்டி புறப்படுகிறது. நீ பஸ் ஏறுவதற்குள் இதைக் கொடுத்துவிடுவான். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்வது நல்லது என்று எழுதுகிறேன்.

நீ வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று இன்று காலை ஒரு தடவை தண்ணீர் மாற்ற ஆரம்பித்தேன். டியூபை வாளியில் விட்டிருந்தேன். வாசலில் அக்கா கூப்பிட்டாள். முருங்கைக்கீரை கொடுத்தாள். பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே வந்து பார்த்தபோது டியூப் வாளிக்கு வெளியே இருந்தது.

தொட்டியில் முக்கால் பங்குத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. மீன், பவளம் எல்லாம் நலம். நேற்றுக் கலந்து வைத்த உப்புத் தண்ணீரை ஊற்றி அளவு சரி செய்துவிட்டேன். நம்பர் மாறவில்லை.

மீதித் தண்ணீர் ஹாலிலும் சமையலறையிலும் இருந்தது. பெருக்கித் தள்ளினேன். வெயிலுக்குக் காய்ந்து தரை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்தது. அதைத் துடைக்கலாம் என்று வாளி எடுக்கப் போன நேரத்தில் அக்காவின் ஆடுகள் மூன்று உள்ளே வந்து தரையை நக்க ஆரம்பித்தன. விரட்டினேன். திரும்பி வந்தன. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். நான்காவது ஆடு ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது. அது கத்தியது. அக்கா வந்து கதவைத் திறந்தாள். "நக்கட்டும் வுடுடா, தொடைக்கிற வேல மிச்சம்" என்றாள்.

இப்போது மணி பன்னிரண்டு. ஹால் முடிந்துவிட்டது. ஆடுகள் சமையலறையில் இருக்கின்றன.

சென்றாயன்